டிரைவர் மகளுக்கு ஒரு சாவி வாட்ச்

ஸ்பீக்கர்க்காரம்மாவுக்குக் காது கூர்மை, நாக்கு அதைவிடக் கூர்மை. மார்க்கெட்டுக்குப் பின்னால், சைக்கிள் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு ஷட்டர் அகலத்துக்கு அவள் கடை. உள்ளே போனால் உட்கார இடம் தேட வேண்டும். மண்டபத்துப் பெரிய பெட்டிகள், பள்ளிக்கூடத்து மைக் செட், கார் கதவிலிருந்து பிடுங்கி வந்த சின்ன வட்டங்கள் என்று தரையெல்லாம் ஸ்பீக்கர். கிழிந்த கூம்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு ஒட்டுவாள். கருகிப்போன காயிலைப் பிரித்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றுவாள். வேலை முடிந்ததும் கூம்பின் நடுவில் விரலால் மெல்லத் தட்டி, காதைப் பக்கத்தில் கொண்டுபோவாள். "உரசுது" என்று அவள் சொன்னால் உரசுகிறது என்று அர்த்தம். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அவள் மகளுக்கு டவுன் பஸ் டிரைவர் வேலை கிடைத்தது. அந்த டிப்போவில் அதுவரை எந்தப் பெண்ணும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஆர்டர் வந்த நாளில் ஸ்பீக்கர்க்காரம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைக்கு யார் வந்தாலும் முதலில் மகள் கதை, பிறகுதான் ஸ்பீக்கர். அவசரமாக வந்த ஒரு மைக் செட்காரர் பாவம், "அக்கா, என் பெட்டி" என்று ஆரம்பித்தார். "இருங்க, பொண்ணு டெஸ்ட்ல ரிவர்ஸ் எடுத்த கதையைச் சொல்லிடறேன்" என்று அவரை உட்கார வைத்துவிட்டாள். ரிவர்ஸ் எடுத்த கதை அவ்வளவு சீக்கிரம் முடிகிற கதையா என்ன!

வண்டி ஓட்டுவது அந்தப் பெண்ணுக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அவர் லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் எந்தச் சாலையில் இருக்கிறார் என்று அவருக்கே தெரியாது. பள்ளி விடுமுறைகளில் மகளைப் பக்கத்து இருக்கையில் ஏற்றிக்கொண்டு போவார். கியர் கம்பியில் அவள் கையை வைத்து, அதன் மேல் தன் கையை வைத்துக்கொள்வார். அப்படிக் கற்றது.

சரி, கதைக்கு வருகிறேன். ஆர்டர் வந்த அன்று மாலை ஸ்பீக்கர்க்காரம்மாவின் தம்பி வீட்டுக்கு வந்தார். அவர் யார் என்று கேட்கிறீர்களா? பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர். கண்ணாடி அறை, கழுத்தில் விசில், தலைக்கு மேலே வட்டமான பெரிய மின்சாரக் கடிகாரம். அந்தக் கடிகாரம் சொல்ல வேண்டும், இவர் ஊத வேண்டும், அப்போதுதான் ஒரு பஸ் நகரும். முன்னால் எடுத்தாலும் திட்டு, பின்னால் எடுத்தாலும் திட்டு. எத்தனையோ மீசைக்கார டிரைவர்கள் அந்தக் கண்ணாடி அறைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "ஓட்டறது பெரிய விஷயமில்லக்கா. யாரு வேணா ஓட்டிடலாம். நேரத்துக்கு எடுக்கணும், நேரத்துக்குப் போய்ச் சேரணும். அதுதான் டிரைவர். பொம்பளப் பிள்ளைக்கு இந்த நேரக் கணக்கெல்லாம் சரிப்பட்டு வருமான்னு தெரியல. பார்ப்போம்."

மகள் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அம்மாவால் அப்படிப் போக முடியுமா?

"நீ தொட்டில்ல கிடந்தப்ப உனக்குப் பால் நேரம் பார்த்தவ நான்டா. எனக்கு நேரக் கணக்கு சொல்லித் தரியா?"

"உன்னைச் சொல்லலக்கா. பொதுவாச் சொன்னேன். பார்ப்போம்னுதானே சொன்னேன்."

அந்தப் "பார்ப்போம்" அவள் தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கோபம் வந்தால் அவளுக்கு வாய் முந்திக்கொள்ளும், மூளை பின்னால் மூச்சிரைக்க ஓடிவரும். அன்றும் அப்படித்தான்.

"நல்லாக் கேட்டுக்கோ. உன் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து என் மக வண்டி எடுக்க மாட்டா. அவ கையில இருக்கறதைப் பார்த்து எடுப்பா."

சொல்லியாகிவிட்டது. இப்போது கையில் ஒன்று இருக்க வேண்டுமே. மகள் கையில் வாட்சும் கிடையாது, வளையலும் கிடையாது.

அவள் கணவர் எங்கோ ஒரு பெட்ரோல் பங்கிலிருந்து போனில் கேட்டார். "போன் இருக்கே, வாட்ச் எதுக்கு?"

"ட்யூட்டில ஏறும்போது போனை டிப்போ பெட்டியில வெச்சுப் பூட்டிடுவாங்களாம். வண்டி ஓட்டறப்ப போன் கையில இருக்கக் கூடாதாம்."

"அப்ப பேட்டரி வாட்ச் ஒண்ணு வாங்கிக் குடு. மலிவாக் கிடைக்கும்."

"பேட்டரி எப்பச் சாகும்னு சொல்லிட்டா சாகுது? நடு ரோட்ல நின்னுடும். சாவி குடுக்கற வாட்ச்தான். காலைல வண்டிக்கு எண்ணெய், தண்ணி பார்க்கறா இல்ல, அதோட இதுக்கும் நாலு திருகு. அது பாட்டுக்கு ஓடும்."

லாரிக்காரர் வாதாடவில்லை. மனைவியோடு வாதாடுவதைவிட மலைப்பாதையில் பாரம் ஏற்றிக்கொண்டு போவது சுலபம் என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வாட்ச் கடைக்குப் போனாள். மாடிப்படிக்குக் கீழே குறுகலான கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் புதுசு ஒரு பக்கம், பழசைச் சரிசெய்து வைத்தது ஒரு பக்கம். கடைக்காரர் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு ஏதோ சின்னச் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. யாருக்கு?"

"என் பொண்ணுக்கு. பஸ் டிரைவர்." இதைச் சொல்லும்போது அவள் குரல் தேவைக்கு மேல் கொஞ்சம் உயர்ந்தது. அடுத்த கடைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டுமே.

அவர் முதலில் தங்க முலாம் பூசிய ஒன்றை எடுத்து வைத்தார். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. அவள் புரட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளினாள். "வேர்வை பட்டா ரெண்டே மாசத்துல பல்லை இளிக்கும். வேற காட்டுங்க." அடுத்தது முகத்துக்குள் மூன்று குட்டி முகங்கள் வைத்த வாட்ச். "இதுல எதைப் பார்த்து மணி சொல்றது? ரோட்டைப் பார்ப்பாளா, இதைப் படிச்சுட்டு இருப்பாளா?" அதுவும் போயிற்று. இன்னொன்றுக்கு முதுகுப் பக்கம் கண்ணாடி. உள்ளே சக்கரம் சுழல்வது தெரிந்தது. அது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆனால் கட்டினால் முதுகு மணிக்கட்டுக்குள் மறைந்துவிடும். பார்க்க முடியாததற்கு எதற்குக் காசு என்று அதையும் வைத்துவிட்டாள்.

"ஆட்டோமேட்டிக் இருக்கும்மா. சாவியே குடுக்க வேணாம். கை ஆட ஆடத் தானா ஏறிக்கும். ஸ்டியரிங் பிடிக்கற கைக்கு அருமையா இருக்கும்."

"லீவு நாள்ல அவ கையும் ஆடாது காலும் ஆடாது. இழுத்துப் போர்த்திட்டுத் தூங்குவா. மறுநாள் காலைல பார்த்தா வாட்சும் தூங்கிட்டிருக்கும். அதோட இது இட்லித் தட்டு மாதிரி தடியா இருக்கு, சட்டைக் கை மேல ஏறி நிக்கும். வேணாம்ணே. மெல்லிசா, சாதாரணமா, சாவி குடுக்கறது காட்டுங்க."

கடைசியில் அவர் ஒரு இரும்புத் தட்டை இழுத்து முன்னால் வைத்தார். ஒரே மாதிரி மூன்று. மினுக்கு இல்லாத எஃகு உடம்பு, வெள்ளை முகம், கறுப்பு எண்கள். எண்கள் பெரிசாக, பன்னிரண்டும் முழுசாக இருந்தன. முட்களில் இருட்டில் ஒளிரும் பச்சைப் பூச்சு. சிவப்பில் ஒரு விநாடி முள். தோல் பட்டை. அகலமும் மகளின் ஒல்லி மணிக்கட்டுக்கு அளவெடுத்தது போலத்தான் இருந்தது. விலையைக் கேட்டாள். மண்டபத்துப் பெட்டி ஒன்றுக்குக் கூம்பு மாற்றினால் வருகிற கூலிதான். சரி என்று தலையாட்டினாள்.

"மூணும் ஒண்ணுதாம்மா. எதை வேணா எடுத்துக்கங்க" என்றார் கடைக்காரர்.

ஸ்பீக்கர்க்காரம்மா சிரித்தாள். மூன்றுக்கும் சாவி கொடுக்கச் சொன்னாள். ஒவ்வொன்றாக எடுத்துக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். முதலாவது கொஞ்சம் நொண்டியது. ஒரு தட்டு சீக்கிரம், ஒரு தட்டு தாமதம். இரண்டாவதில் அடியில் ஏதோ சன்னமாக உரசிக்கொண்டிருந்தது. மூன்றாவது மட்டும் நல்ல நடைக்காரன் படி ஏறுவது போல ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருந்தது. அதைக் கையைவிட்டுக் கீழே வைக்கவில்லை.

கடைக்காரர் மூன்றையும் வாங்கித் தன் காதிலும் வைத்துப் பார்த்தார். "உங்களுக்கு என்ன வேலைம்மா?" என்றார்.

"ஸ்பீக்கர் ரிப்பேர்."

"அப்படிச் சொல்லுங்க. அப்ப ஒரே ஒரு விஷயம். காந்தத்துக்கிட்ட மட்டும் இதைக் கொண்டு போயிடாதீங்க. உள்ள மயிரிழை கணக்கா ஒரு சுருள் இருக்கு. காந்தம் பட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். தலைதெறிக்க ஓட ஆரம்பிச்சிடும்."

"அண்ணே, காந்தத்தைப் பத்தி எனக்கே சொல்றீங்களா?"

இருவரும் சிரித்தார்கள். நீங்கள் இந்தச் சிரிப்பை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

பட்டை மகள் கைக்கு நீளம், ஒரு துளை கூடுதலாகப் போட வேண்டும் என்று அவர் ஊசியை எடுத்தார். "அதெல்லாம் நானே போட்டுக்கறேன். என்கிட்ட இல்லாத ஊசியா" என்று வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மகளிடம் மூச்சு விடவில்லை. முதல் ட்யூட்டி அன்று காலையில் கட்டிவிட வேண்டும் என்று ஆசை. அதுவரை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு, தினமும் சாவி கொடுத்து, ரேடியோ செய்தியின் மணியோசையோடு ஒத்துப் பார்த்தாள். கொஞ்சமும் பிசகவில்லை. ரேடியோ மணி அடிக்கும்போது சிவப்பு முள் உச்சியில் வந்து நிற்கும். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். "வாடா தம்பி, வந்து பாரு" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லிக்கொள்வாள்.

மகள் முதல் நாள் ட்யூட்டிக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின மாலை, பட்டையில் துளை போடுவதற்காக வாட்சைக் கடைக்கு எடுத்துப் போனாள். தோல் சுருண்டு சுருண்டு எழுந்தது. ஊசி நேராக இறங்க வேண்டும் என்றால் பட்டை படிந்து கிடக்க வேண்டும். கடையில் எது அசையாமல் கிடக்க வேண்டுமானாலும் அவள் ஒன்றைத்தான் மேலே தூக்கி வைப்பாள். கூம்பு ஒட்டும்போது அதுதான், காகிதம் பறந்தால் அதுதான், காற்றடிக்கிற நாளில் ஷட்டர் கதவு ஆடினாலும் அதுதான். கை தானாக நீண்டது. எடுத்தது, வைத்தது. துளை கச்சிதமாக விழுந்தது. அழகு பார்த்துவிட்டு வாட்சைத் துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அவள் தூக்கி வைத்தது என்ன என்று சொல்ல வேண்டுமா? மண்டபத்துப் பெட்டியிலிருந்து கழற்றிய, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய காந்தம்.

மறுநாள் விடியலில் மகள் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். ஸ்பீக்கர்க்காரம்மா அவள் காலரை இழுத்துச் சரிசெய்தாள். மணிக்கட்டைப் பிடித்து வாட்சைக் கட்டிவிட்டாள். புதுத் துளையில் கொக்கி போய்ச் சரியாக உட்கார்ந்தது.

மகள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எப்பம்மா வாங்கின? நல்லா இருக்கும்மா. நம்பரெல்லாம் பெரிசு பெரிசா."

"மூணுல நல்லதா காது வெச்சுப் பார்த்து எடுத்தது. மாமா கடிகாரத்தை நீ பார்க்கவே வேண்டாம்."

"சரி. நீ மட்டும் ஸ்டாண்டுக்கு வராத. அங்க வந்து கண்ணைக் கசக்கிட்டு நின்னா எனக்குக் கை நடுங்கும்."

"நான் எதுக்குடி வரேன்" என்றாள் ஸ்பீக்கர்க்காரம்மா. மகள் தெரு முனை திரும்பும்வரை அந்த வார்த்தையைக் காப்பாற்றினாள்.

மகள் கிளம்பும்போதே அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். சமையலறைக் கடிகாரம் வாட்சைவிடப் பின்தங்கி இருந்தது. "பேட்டரி கடிகாரத்தோட லட்சணம்" என்று திட்டிக்கொண்டே ஸ்டூலில் ஏறி, வாட்ச் காட்டிய கணக்குக்கு அதன் முள்ளைத் தள்ளி வைத்தாள். வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை அவளுக்கு. பிறகு அந்தச் சமையலறைக் கடிகாரத்தை நம்பித்தான் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினாள்.

மகளுக்கு ஆறு மணி வண்டி. ஸ்பீக்கர்க்காரம்மா மூச்சிரைக்க ஸ்டாண்டுக்குள் நுழையும்போது, அவள் கணக்கில் ஆறு தாண்டிவிட்டது. வண்டி போயிருக்கும் என்று நினைத்தாள். பார்த்தால் வண்டி அப்படியே நிற்கிறது! நிமிர்ந்து நேராக உட்கார்ந்திருக்கிறாள் மகள். ஜன்னல் வழியாக முழங்கை தெரிந்தது. தம்பி கண்ணாடி அறை வாசலில் சாவகாசமாக நிற்கிறார். மேலே கடிகாரம் இன்னும் ஆறு ஆகவில்லை என்று காட்டிக்கொண்டிருக்கிறது.

ஸ்பீக்கர்க்காரம்மா ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள். உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பாவி, முதல் நாளே பிள்ளையைத் தாமதப்படுத்த வேண்டும் என்று கடிகாரத்தையே பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறானே. கூடப் பிறந்தவனா இவன்? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மகளுக்குக் கொடுத்த வார்த்தை மட்டும் காலைக் கட்டிப்போட்டிருந்தது.

விசில் ஒலித்தது. வண்டி குலுங்காமல் நகர்ந்தது. அகலமான அந்த உடம்பு வாசல் வளைவில் ஒரு கல்லில்கூட இடிக்காமல் வளைந்து, பெரிய சாலையில் இறங்கி, போயே போய்விட்டது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுதுகொண்டே கோபப்படுவது எப்படி என்று யாராவது கற்க வேண்டுமானால் அன்று அவளைப் பார்த்திருக்க வேண்டும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகக் கண்ணாடி அறைக்குள் நுழைந்தாள்.

"வெக்கமா இல்ல உனக்கு? சொந்த அக்கா பொண்ணுடா. முதல் நாளே லேட்டுன்னு பேர் வாங்க வெச்சுட்டியே. இதுக்காகக் கடிகாரத்தையே மாத்தி வெப்பியா?"

தம்பி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு லேட்டு? வண்டி டயத்துக்குத்தானே போச்சு."

"என் பொண்ணு கையில வாட்ச் இருக்கு. நான் பார்த்து வாங்கினது. அது பொய் சொல்லுமா?"

"அக்கா, உன் பையில போன் இருக்கில்ல. எடுத்துப் பாரு."

எடுத்துப் பார்த்தாள். பிறகு மேலே கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடியும் போனைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. ரேடியோவோடு பிசகாமல் ஓடிய வாட்ச் ஒரே ராத்திரியில் எப்படி இப்படி முந்தும்? நேற்று மாலை என்ன செய்தோம்? பட்டை சுருண்டது. ஊசி. கை நீண்டது.

"ஐயையோ" என்றாள் மெதுவாக. அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "காந்தம். நான்தான்டா வெச்சேன். என் கையாலயே தூக்கி வெச்சேன்."

காந்தத்தைப் பத்தி எனக்கே சொல்றீங்களா என்று கேட்ட வாய் அது. வாட்ச் கடைக்காரருக்கு இது தெரிந்தால் கடையையே சாத்திவிட்டுச் சிரிப்பார். ஆனால் அவள் இப்போது நினைத்துப் பார்த்தது அதை இல்லை. தவறான வாட்சைக் கட்டி அனுப்பி, மாமா கடிகாரத்தைப் பார்க்காதே என்றும் சொல்லி அனுப்பிவிட்டாள். அந்தப் பிள்ளை அம்மா பேச்சைக் கேட்டு முன்னால் எடுத்திருந்தால்? இந்த டிப்போவில் அவள் பெயர் முதல் நாளே நாறியிருக்கும். அடுத்து எந்தப் பெண் வந்தாலும் அதையே சொல்லிக் காட்டியிருப்பார்கள்.

தம்பி சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். சிரிக்கவில்லை. விசிலைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"நீ வர்றதுக்கு முன்னாடி ஒரு கூத்து நடந்துச்சுக்கா. வண்டியைக் கொண்டாந்து நிறுத்தினா. கையைப் பார்த்தா, கடிகாரத்தைப் பார்த்தா. நேரா இங்க இறங்கி வந்தா. வந்து என்னைக் கேக்கறா, 'மாமா, உங்க கடிகாரம் கடைசியா எப்பச் சரி பார்த்தது'ன்னு."

"உன்னையா கேட்டா?"

"என்னையத்தான். இந்த ரூம்ல நான் உட்கார்ந்த நாள்லேர்ந்து ஒருத்தன் கேட்டதில்ல. எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. நான் பதில் சொல்றதுக்குள்ள வண்டிக்குப் போயிட்டா. கண்டக்டர்கிட்ட மணி கேட்டா, ஏறி உட்கார்ந்திருந்த ஆளுங்ககிட்டயும் கேட்டா. திரும்பி வந்து, 'உங்களதுதான் மாமா சரி, என்னது முந்துது'ன்னா. அவ்வளவுதான். மூஞ்சி சுண்டல, பதறல."

ஸ்பீக்கர்க்காரம்மா நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நான் டிராயர்லேர்ந்து ஆபீஸ் வாட்சை எடுத்துக் குடுத்தேன். அதைக் கழட்டிட்டு இதைக் கட்டிக்கோன்னேன். வேணாம்னுட்டா. 'எவ்வளவு முந்துதுன்னு தெரிஞ்சு போச்சு மாமா, கழிச்சுப் பார்த்துக்கறேன். ஒவ்வொரு டிரிப்புக்கும் இங்க வந்து ஒத்துக்கறேன். இது எங்கம்மா காது வெச்சுப் பார்த்து எடுத்தது'ன்னா." தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டார். "மத்தவனா இருந்தா வாட்சு மேலயோ என் மேலயோ பழியைப் போட்டிருப்பான்."

ஸ்பீக்கர்க்காரம்மா எழுந்து வெளியே வந்தாள். ஸ்டாண்டைத் தாண்டும்வரை அடக்கிக்கொண்டு, சைக்கிள் நிறுத்தும் இடத்தில் சுவரைப் பார்த்து நின்று நன்றாக அழுதாள். வெட்கத்தில் பாதி. மீதி என்ன என்று பெற்றவர்களுக்குத் தெரியும்.

மத்தியானம் ட்யூட்டி முடிந்து மகள் நேராகக் கடைக்கு வந்தாள். சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது, கண்ணில் களைப்பும் குஷியும். வாட்ச் கையிலேயே இருந்தது.

"கழட்டு அதை" என்றாள் அம்மா. "அது மேல தப்பில்ல. நான்தான் கெடுத்தேன்." காந்தக் கதையைத் தலை குனிந்தபடியே சொல்லி முடித்தாள்.

மகள் கடகடவென்று சிரித்தாள். "வேற யாராவது இப்படிச் செஞ்சிருந்தா நீ அவங்களை ஊரை விட்டே விரட்டியிருப்ப. காலைல எவ்வளவு முந்திச்சு, மத்தியானம் எவ்வளவு முந்திச்சுன்னு கூட்டிக் கழிச்சே எனக்கு மண்டை காஞ்சு போச்சும்மா. ஆனா ஒரு டிரிப்பும் பிசகல."

"ஆபீஸ் வாட்சை வாங்கிக் கட்டிருக்கலாம் இல்ல?"

"நீ கட்டிவிட்டதை நான் எதுக்குக் கழட்டணும்?"

ஸ்பீக்கர்க்காரம்மா மேசைக்கு அடியில் தலையை நுழைத்தாள். பழைய டப்பா டிவிகளில் காந்தம் ஏறித் திரையில் நிறம் திட்டுத் திட்டாகப் படிந்துவிடும். அதை எடுப்பதற்கு என்று கம்பி சுற்றிய ஒரு வளையம் உண்டு. டிவி ரிப்பேர்க்காரர் கடையைக் காலி செய்தபோது அவளிடம் தள்ளிவிட்டுப் போனது. தூசியைத் தட்டி, பிளக்கைச் செருகி, வாட்சை வளையத்துக்கு நடுவில் பிடித்தாள். சுவிட்சைப் போட்டதும் வளையம் வண்டாக ரீங்கரித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வாட்சை மெல்ல, மெல்ல வெளியே இழுத்து, கை நீட்டும் தூரம்வரை கொண்டுபோன பிறகே சுவிட்சை அணைத்தாள்.

காதில் வைத்தாள். கண்ணை மூடினாள். படி ஏறுகிறவன் பழைய நடைக்கு வந்துவிட்டான். காலையில் கட்டிவிடும்போது ஒரு தரம் காதில் வைத்திருந்தாலே தெரிந்திருக்கும். மகளைக் காக்கியில் பார்த்த பூரிப்பில் காதாவது மூக்காவது.

மாலைச் செய்தியின் மணிக்கு முள்ளைத் திருத்தினாள். மறுநாள் விடியற்காலைச் செய்தியோடு ஒத்துப் பார்த்தாள். சிவப்பு முள் உச்சியில் வந்து நின்றது. அதற்குப் பிறகுதான் மகள் கையில் கட்டினாள். கட்டும்முன் காதிலும் வைத்துக்கொண்டாள். சமையலறைக் கடிகாரத்தையும் பழையபடி திருத்தி, அதனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

"இன்னைக்கு வா" என்றாள் மகள். "தூணுக்குப் பின்னால ஒளிய வேண்டாம். நேத்தே உன் புடவைத் தலைப்பு தெரிஞ்சுது."

ஸ்டாண்டில் ஆறு மணி வண்டி நின்றுகொண்டிருந்தது. அடுத்தடுத்த வண்டிகளின் டிரைவர்கள் டீ கிளாசும் கையுமாக நின்றார்கள். புது டிரைவர் வண்டி எடுப்பதைப் பார்க்க அவர்களுக்கும் ஆசைதான், காட்டிக்கொள்ளவில்லை. ஸ்பீக்கர்க்காரம்மா நடைமேடையில் எல்லோருக்கும் முன்னால் போய் நின்றாள்.

தம்பி கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். தலைக்கு மேலே அந்தப் பெரிய கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சட்டைப் பையில் போன் இருந்தது. அவர் இரண்டையும் பார்க்கவில்லை. வண்டியின் ஜன்னலுக்குக் கீழே போய் நின்று, எல்லா டிரைவர்களுக்கும் கேட்கிற குரலில் கேட்டார்.

"டிரைவரம்மா, மணி என்ன?"

டீ கிளாஸ்கள் அப்படியே நின்றன.

மகள் மணிக்கட்டைத் திருப்பினாள். "இன்னும் கொஞ்சம் இருக்கு மாமா."

அவர் விசிலை உதட்டில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தபடி நின்றார். எத்தனையோ மீசைகளைக் காக்க வைத்த மனிதர், அக்கா மகள் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஆச்சு" என்றாள் மகள்.

விசில் ஒலித்தது. வண்டி நகர்ந்து, வளைந்து, சாலையில் இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே வாட்ச் கட்டிய கை ஒரு தடவை நீண்டு உள்ளே போயிற்று.

தம்பி திரும்பி அக்காவிடம் வந்தார். அவள் தாங்காமல் கேட்டுவிட்டாள். "மேல இவ்வளவு பெரிய கடிகாரம் ஓடுதே. அவகிட்ட எதுக்குடா கேட்ட?"

"அது கரண்ட்ல ஓடுது" என்றார் அவர், எங்கோ பார்த்துக்கொண்டு. "என்னைக்கு நிக்கும்னு யாருக்குத் தெரியும்."

இதற்கு மேல் இந்த ஜென்மத்தில் அவன் வாயிலிருந்து எதுவும் வராது என்று அவளுக்குத் தெரியும். வர வேண்டாம். அவளுக்கு நெஞ்சு கொள்ளவில்லை. பக்கத்தில் கூடையோடு நின்ற, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் தோளைத் தொட்டு, "இப்பப் போச்சே ஆறு மணி வண்டி, அதை ஓட்டறது என் பொண்ணு" என்றாள்.